ஒருவர் இன்னும் வரவில்லை

பாய் அன்றைக்குப் பொருந்தவில்லை.

மோண்டா மார்க்கெட்டில் வாங்கிய பிளாஸ்டிக் பாய் அது. சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்டது. வாங்கும்போது அளவெல்லாம் யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் புதுவீட்டு ஹாலில் விரித்தபோது சோபாவின் காலிலிருந்து எதிரே இருந்த சாம்பல் நிறச் சுவர்வரை அளவெடுத்துத் தைத்ததுபோல் படிந்துவிட்டது. அன்றுமுதல் சாயங்கால ஜெபத்துக்கு ஜெயசுந்தரி அதைத்தான் விரிக்கிறாள். இன்றைக்குச் சுவரோரம் அது நாலு விரற்கடை மேலேறி மடங்கி நின்றது. காலால் அழுத்தினாள். காலை எடுத்ததும் மறுபடி எழுந்துகொண்டது.

"என்னங்க, பாய் பெருசாயிடுச்சா?"

கிதியோன் மடியில் வேதாகமத்தை வைத்துக்கொண்டு, நெற்றிமேல் இருந்த மூக்குக்கண்ணாடியைச் சுற்றுமுற்றும் தேடிக்கொண்டிருந்தான். "ஹவ், ஆமா. நீ போடற சோறு அப்படி. என்னைப் பாரு, நானும்தான் பெருத்துட்டேன்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினான். பெர்லின் கெக்கெக்கென்று சிரித்தாள். எட்டு வயது. ஜெபத்தில் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவாள்; 'ஒத்தக்கண்ணி' என்றே அவளுக்கு வீட்டில் பேர்.

ஜெயசுந்தரி சுவரில் மாட்டியிருந்த வெள்ளைத் துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கிதியோன் போய் வாசல் கதவைப் பூட்டினான். பூட்டியதும் வழக்கம்போல வீடு பேசியது.

"நால்வரும் வந்துவிட்டீர்கள். இனிய மாலை வணக்கம்."

"வருவார், வரு..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த கிதியோன் பாதியில் நிறுத்தினான்.

அந்த வீட்டைப் பிடிவாதம் பிடித்து வாங்க வைத்தவள் ஜெயசுந்தரிதான். கொரோனாவின் இரண்டாவது அலையில் அவர்கள் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். ஓர் அறை, ஒரு சமையலறை. காய்ச்சலோடு கிதியோன் சமையலறையில் படுத்திருக்க, நடுவில் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் கைக்குழந்தையாக இருந்த பெர்லினை மார்போடு அணைத்தபடி அவனுடைய ஒவ்வொரு இருமலையும் கேட்டுக்கொண்டே கிடந்தாள். சேலை எதைத் தடுக்கும்? குடிபோனால் கதவும் சுவரும் சொன்ன பேச்சைக் கேட்கிற வீட்டுக்குத்தான் என்று அப்போதே மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

லோத்குண்டாவில், ராணுவ நிலத்தை ஒட்டி எழும்பிய அடுக்குமாடியில் அப்படி ஒரு வீடு கிடைத்தது. உள்சுவர்கள் எல்லாம் கூரையில் பதித்த தண்டவாளத்தில் தொங்கி நகருகிறவை. ஒரு சுவரைத் தள்ளினால் ஹால் ஆபீஸாகும்; இன்னொன்றைத் தள்ளினால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஆகும். வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. வெளியிலிருந்து வருகிறவர்கள் அதற்குள் நின்று செருப்பைக் கழற்றி, கைகழுவி, காற்று மாறின பிறகுதான் உள்ளே வரலாம். ஒரு கதவு மூடினால்தான் மறு கதவு திறக்கும். யாருக்காவது காய்ச்சல் என்றால் அந்தக் கூண்டே நோயாளி அறையாகிவிடும். தட்டு நீட்ட ஒரு சின்ன ஜன்னல், பேச ஒரு ஸ்பீக்கர். இனி எந்தக் கிருமி வந்தாலும் வீடே பார்த்துக்கொள்ளும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ஜெயசுந்தரி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

வீட்டைப் பூட்டித் திறந்து காட்டிய கம்பெனிக்காரப் பையன் சாய்குமார், முதல் நாள் சுவரில் இருந்த தொடுதிரையைத் தட்டிக்கொண்டே, "எந்தமந்தி சார்? இன்ட்லோ எத்தனை பேரு?" என்று கேட்டான். ஆளுக்குத் தகுந்தபடி சுவர்கள் தாமாகவே இடம் ஒதுக்குமாம்.

"நாலு" என்றான் கிதியோன்.

அது அவன் அப்பா வெஸ்லியிடமிருந்து வந்த வழக்கம். ரேஷன்காரர் கேட்டாலும் சரி, கணக்கெடுக்க வந்தவர் கேட்டாலும் சரி, வெஸ்லி வீட்டு ஆட்களோடு ஒன்றைக் கூட்டித்தான் சொல்வார். அந்த ஒன்று ஆண்டவர். ஒவ்வொரு சாப்பாட்டிலும் ஆண்டவர் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதிய மரப்பலகை ஒன்று அவர் விட்டுப்போன சொத்து. இப்போது அது இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே தொங்குகிறது. சாய்குமாருக்கு இந்த விவரமெல்லாம் என்ன தெரியும்? நாலு என்று அழுத்திவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து தினமும் கதவு பூட்டியதும், செய்தி வாசிக்கிற குரலில், "மூவர் வந்துவிட்டீர்கள். ஒருவர் இன்னும் வரவில்லை" என்று வீடு சொல்லும். கிதியோன் கையை உயர்த்தி, "வருவார், வருவார், சீக்கிரமே வருவார்" என்பான். பெர்லின் "ஆமென்" என்பாள். சர்ச் போதகர் ஐயரிடம்கூட அதைச் சொன்னார்கள்; அவர் பிரசங்கத்திலேயே அதைச் சொல்லிச் சிரித்தார்.

இப்போது நால்வரும் வந்துவிட்டார்களாம்.

"மெஷின்தானே. ஏதோ ஒளறுது" என்றான் கிதியோன். ஜெபத்தைச் சீக்கிரம் முடித்தான்.

ஜெயசுந்தரிக்கு வீட்டிலிருந்தே வேலை. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் தர அறிக்கைகளைப் படித்துத் திருத்துவது. கிதியோன் ஒர்க்ஷாப்புக்கும் பெர்லின் ஸ்கூலுக்கும் போன பிறகு, அந்த வீட்டில் கேட்கிறதெல்லாம் அவள் போனில் பேசுகிற குரல்தான். அடுத்து வந்த நாட்களில் வேறொன்றும் கேட்டது. ராணுவ நிலத்து மரங்களில் மயில் அகவி ஓய்ந்த பிறகு, மிக்ஸி ஓய்ந்த பிறகு, பக்கத்து வீட்டு டிவியும் ஓய்ந்த பிறகு, கூரைத் தண்டவாளத்தில் ஒரு மெல்லிய உராய்வு. யாரோ தூங்குகிறவரை எழுப்பாமல் பீரோவை நகர்த்துகிற மாதிரி, கொஞ்சம் நகர்ந்து, நின்று, கேட்டுப் பார்த்து, மறுபடி நகருவது. பாய் தினம் கொஞ்சம் கூடுதலாக மடங்கியது. பெர்லினின் அறையைச் சாணால் அளந்தாள். அதுவும் குறுகியிருந்தது. ஹாலும் குறுகி, அறையும் குறுகினால், மிச்ச இடம் எங்கே போகும்?

ஹால் சுவருக்கும் அறைச் சுவருக்கும் நடுவில் போகும்.

சாம்பல் சுவரில் காதை வைத்தாள். குளிர்ந்திருந்தது. சுவரின் அடி விளிம்பிலிருந்து ஒரு வாசனை வந்தது; ரெண்டு நாள் திறக்காத டிபன் பாக்ஸைத் திறந்தால் வருமே, அந்த ஈர வாசனை. அப்போது போன் அடித்தது. எடுத்து, என்ன சொன்னோம் என்றே தெரியாமல், "சரி, நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்தாள். நாளெல்லாம் அவள் சொல்கிற வாக்கியம் அது.

சுவருக்குப் பின்னால், வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல, யாரோ அதைச் சொல்லிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் பெர்லினுக்குத் தலை பின்னும்போது குழந்தை தானாகவே சொன்னது. "மம்மி, நைட்ல ஏன் சுவத்துக்குப் பின்னாடி நின்னு பாட்ற?"

"யாரு? நானா?"

"ஹவ். ஃபர்ஸ்ட் நல்லாவே வரல. இப்போ பாகா, நல்லா பாட்ற, சேம் உன்ன மாதிரி. கைக்கு மம்மி, ஏன் அங்க? உள்ள வந்து பாடலாம்ல?"

ஜெயசுந்தரியின் விரல்கள் பின்னலிலேயே நின்றுவிட்டன. குழந்தையின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. தலையணை அந்தப் பக்கம்தான். அன்றே கட்டிலை இழுத்துத் தங்கள் அறையில் போட்டாள். காலையில் பார்த்தால் அந்த அறையின் சுவரும் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது. அவளுக்கு வேறெதுவும் பெரிதாகப் படவில்லை. வீடு போகட்டும், ராத்தூக்கம் போகட்டும். ஆனால் அது தன் பிள்ளையின் தலைமாட்டைத் தேடி வருகிறதே.

சாய்குமாருக்குப் போன் போட்டாள். அவன் தன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, தெலுங்கும் இந்தியுமாக நிம்மதியாகச் சொன்னான். பழுது ஒன்றும் இல்லை. நாலாவது ஆள் வந்திருக்கிறார், அவருக்கு வீடு அறை ஒதுக்கிக்கொண்டிருக்கிறது.

"உங்க அத்தகாருவா மேடம், மாமியாரா? பகலெல்லாம் உள்ளேயே இருக்காங்களே."

"இங்க யாரும் இல்ல சாய்குமார்."

"ஆள் இல்லாத இடத்துக்கு அது சுவத்தை நகத்தாது மேடம்."

"கணக்கை மூணா மாத்து" என்றாள்.

"நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ்லேர்ந்தே மாத்திடறேன். ஆனா ஒண்ணு மேடம். அதுக்கப்புறம் மூணு பேருக்கு மேல யார் வந்தாலும் வீடு அவங்களை கெஸ்ட்டாத்தான் எடுத்துக்கும். வாசல் கூண்டுலயே நிறுத்திடும். உள்ள இருக்கிறவங்க திறந்தாத்தான் உண்டு."

"அதைத்தான்ப்பா நானும் கேக்கறேன்."

கிதியோனிடம் சொன்னபோது அவன் உடனே தலையாட்டவில்லை. அவனும் இப்போதெல்லாம் சிரிப்பதை விட்டிருந்தான். குளிக்கப் போனால்கூடக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டான். ஆனாலும் மரப்பலகையைப் பார்த்தபடி, "ஆண்டவரை வீட்டை விட்டு வெளிய போகச் சொல்றதா, சுந்தரி?" என்று கேட்டான்.

"வந்திருக்கிறது ஆண்டவர் இல்லைங்க" என்றாள்.

அவன் அப்போதுதான் தலையாட்டினான்.

மறுநாள் காலையிலிருந்தே மழை. மேற்கிலிருந்து காற்று வீசியதால் ஜீடிமெட்லாவின் மருந்து நெடி ஜன்னல் வழியாக ஏறியது. ஆனால் மத்தியானத்துக்கு மேல் அந்த நெடியையும் மீறி ஹாலில் வேறொரு வாசனை நின்றது. முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. அவள் தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய், அவள் போடுகிற சோப்பு, கழுத்து வியர்வை. அவளுடைய வாசனைதான். சாம்பல் சுவரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"பெர்லின்" என்றது சுவர். தெளிவாக. "இதோ வந்துட்டேன், கண்ணு."

பள்ளிவிட்டு வரும் பெர்லினை அவள் வாசலில் நின்று கூப்பிடுகிற அதே இழுப்பு.

ஜெயசுந்தரி அதற்குமேல் அந்த வீட்டில் நிற்கவில்லை. போன் சார்ஜரில் கிடந்தது, எடுக்கவில்லை. குடை எடுக்கவில்லை. வெறுங்காலோடு கூண்டைத் தாண்டி, லிப்டுக்குக் காத்திராமல் படிகளில் இறங்கி, கீழே செக்யூரிட்டி மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இனி கிதியோன் வராமல் மேலே போவதில்லை. ட்யூஷன் முடிந்த பெர்லினை அவன்தான் வண்டியில் கூட்டிவருவான். மூன்று பேரும் சேர்ந்து போகலாம். அதற்குள் சாய்குமார் கணக்கை மாற்றியிருப்பான். அந்தச் சனியன் கூண்டில் நிற்கட்டும், நாறட்டும்.

மழை விடுவதாக இல்லை. ராணுவ நிலத்தில் பியூகிள் ஊதி ஓய்ந்தது. விளக்குகள் எரிந்தன. ஒவ்வொரு வண்டி விளக்கு திரும்பும்போதும் எழுந்து பார்த்து உட்கார்ந்தாள். கடைசியில் செக்யூரிட்டிதான் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஆச்சரியமாகக் கேட்டான், மேடம் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று.

"சாருக்கு."

"சார் இந்தாகே பைகி வெள்ளாரு மேடம். பாப்பாவும்தான்." மழை என்பதால் வண்டியை அடித்தளத்தில் விட்டு, அங்கிருக்கிற லிப்டிலேயே மேலே போய்விட்டார்களாம். போய் எவ்வளவோ நேரம் ஆகிறதாம்.

அவள் ஓடினாள்.

வெளிக்கதவு அவள் கைரேகைக்குத் திறந்தது. அப்பாடா என்று கூண்டுக்குள் காலை வைத்தாள். அவள் பின்னால் கதவு மூடியது. பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. முன்னால் இருந்த கதவு திறக்கவில்லை.

"நல்வரவு" என்றது வீடு. "விருந்தாளி ஒருவர். காத்திருக்கவும்."

"ஏய், நான் வீட்டுக்காரி" என்றாள். சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று பேருக்குத்தான் இடம். அவள் கீழே உட்கார்ந்திருந்தபோது உள்ளே மூன்று பேர் இருந்திருக்கிறார்கள்.

கைப்பிடியைத் திருகினாள். கதவை உதைத்தாள். திரும்பி வெளிக்கதவை அறைந்தாள். இரண்டும் காற்றுப் புகாமல் இறுகியிருந்தன. அவள் கத்தியது அவள் காதுக்கே பஞ்சு வைத்ததுபோல் மழுங்கிக் கேட்டது. உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்தினால்தான் விருந்தாளியின் குரல் வீட்டுக்குள் போகும். வீட்டுக்குள் பேசுவது மட்டும் விருந்தாளிக்கு எப்போதும் கேட்கும். நோயாளி தனிமையில் தவிக்கக்கூடாதாம். அந்த வசதியை விளம்பரத்தில் படித்துப் படித்து மெச்சியவளும் அவள்தான்.

தலைக்குமேல் அந்த உராய்வு தொடங்கியது.

கூண்டின் பக்கச் சுவர் நகர்ந்தது. கைகழுவும் தொட்டி அவள் இடுப்பை இடித்தது. விருந்தாளிக்கு எவ்வளவு இடம் வேண்டும்? நிற்க இடம் போதும். சுவர் தோளைத் தொட்டது. மறு சுவர் மறு தோளை. கையைத் தூக்க முடியவில்லை. மூச்சை இழுத்தால் மார்பு கண்ணாடியில் முட்டியது.

முகத்துக்கு நேராக, தட்டு நீட்டுகிற சின்ன ஜன்னல்.

ஸ்பீக்கரில் கிதியோனின் குரல் வந்தது. சாதாரணமாக, களைத்துப்போய், சாப்பாட்டுக்கு முந்திய குரல். "சுந்தரி, ஜெபத்துக்கு நேரமாச்சு. வா."

"என்னங்க!" என்று அலறினாள். "என்னங்க, நான் இங்க இருக்கேன்!"

"இதோ வந்துட்டேன்" என்று பதில் வந்தது. உள்ளேயிருந்து.

ஜன்னலில் முகத்தை வைத்து அழுத்தினாள். மூச்சில் கண்ணாடி புகைந்தது. தெளிந்தது. புகைந்தது.

பாய்.

பாய் பொருந்தியிருந்தது. சோபாவிலிருந்து சுவர்வரை. ஒரு மடிப்பு இல்லை.

கிதியோன் எழுந்து வாசல் பக்கம் வந்தான். அவள் முகத்துக்கு எதிரிலேயே நின்று பூட்டைச் சரிபார்த்தான். அவன் பார்வை கண்ணாடியைத் தாண்டவில்லை. உள்ளே வெளிச்சம், கூண்டில் இருட்டு. அதில் தெரிந்த தன் பிம்பத்தில் நெற்றிமேல் இருந்த மூக்குக்கண்ணாடியைக் கண்டுகொண்டு, எடுத்து மாட்டிக்கொண்டு, திரும்பிப் போனான்.

"மூவரும் வந்துவிட்டீர்கள்" என்றது வீடு. "இனிய மாலை வணக்கம்."

"ஸ்தோத்திரம்" என்றான் கிதியோன். அவன் குரலில் அத்தனை நிம்மதி.

அவன் உட்கார்ந்தான். பெர்லின் நடுவில். பெர்லினுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி. முதுகு மட்டும் தெரிந்தது. வெள்ளைத் துப்பட்டா தலையை மூடியிருந்தது. நெற்றிக்கு இழுத்து, காதோரம் செருகி. ஜெயசுந்தரி செருகுகிற மாதிரியே.

ஜெபம் ஆரம்பித்தது. கிதியோன் குனிந்து கண்ணை மூடினான். பெர்லினும் மூடினாள். ஒரு கண்ணை மட்டும். திறந்திருந்த கண் வழக்கம்போல ஹாலைச் சுற்றியது. மின்விசிறியை. மரப்பலகையை. வாசலை.

கண்ணாடியை.

நின்றது.

ஜெயசுந்தரியால் கையை ஆட்ட முடியவில்லை. நெற்றியால் கண்ணாடியை முட்டினாள். முட்டினாள். பெர்லின் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். குழந்தையின் வாய் 'ம' என்று திறந்தது.

துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அவசரப்படவில்லை. சுவரின் சாம்பல் நிறம் அதில் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஐந்து விரல்களும் இருந்தன. நகங்கள் மட்டும் இன்னும் வரவில்லை.

அது பெர்லினின் தலையை வாஞ்சையோடு தடவி, முகத்தைத் தன் பக்கம் திருப்பி, திறந்திருந்த அந்த ஒரு கண்ணையும் மெல்ல மூடிவிட்டது.